ராஜாவின் கேமுக்கு ஓர் அட்டைப்படம்

கீர்த்திவளவன் என்று ஒரு ராஜா இருந்தார். அவரிடம் யானை இருந்தது, சேனை இருந்தது, செல்போனும் இருந்தது. ராஜா காலத்தில் செல்போன் ஏது என்று கேட்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். கதைக்கு நேரமாகிறது.

ராஜாவுக்கு வீடியோ கேம் என்றால் பைத்தியம். அரண்மனையின் கிழக்குக் கூடத்தை ஒழித்துக் கொடுத்து, அம்சவேணி என்கிற சித்திரக்காரியையும் அவள் ஆட்களையும் அங்கே உட்காரவைத்து, சிரிப்பு கேம் ஒன்று செய்யச் சொன்னார். பெயர் ‘கிரீடம் எங்கே?’ அதில் வருகிற ராஜா தினமும் காலையில் கிரீடத்தைத் தொலைப்பார். தேடிக்கொண்டு சமையலறைக்குப் போனால் மாவுப் பானைக்குள் விழுவார். தொழுவத்துக்குப் போனால் சாணியில் வழுக்குவார். விளையாடியவர்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. என்ன பிரயோஜனம்? விளையாடியது அத்தனை பேரும் அரண்மனை ஆட்கள். வெளியே ஒரு ஈ காக்கை அதைச் சீண்டவில்லை.

காரணம் அம்சவேணிக்குத் தெரியும். செல்போனுக்குள் இருக்கிற கேம் கடையில் ஒவ்வொரு கேமுக்கும் நகத்தளவு ஒரு அட்டைப்படம் இருக்கும். அதைப் பார்த்துத்தான் ஜனங்கள் தொடுவதா, தள்ளிவிட்டுப் போவதா என்று முடிவு செய்வார்கள். அந்தப் படத்தில் மூக்கை நுழைத்தவர் பிரதானி ஏகாம்பரனார். அந்தச் சபையில் எந்தச் சித்திரத்தையும் தர்பார் சுவரில் ஆளுயரத்துக்கு மாட்டித்தான் பார்ப்பார்கள். சுவரில் ஒரு சாண் காலியாக இருந்தாலும் பிரதானிக்குப் பொறுக்காது. “இங்கே ஒரு யானை போடு, அங்கே ஒரு குதிரை போடு, அந்த மூலையில் என்னைப் போடு” என்று போடச் சொல்லிப் போடச் சொல்லியே அதைக் கல்யாண வீட்டு ஆல்பம் ஆக்கிவிட்டார்.

இப்போது கேம் போகவில்லை என்றதும், குற்றம் சொல்ல முதலில் வந்தவரும் அவர்தான்.

“மகாராஜா, இந்த அம்மணிக்குக் கைவரிசை போதாது. கூடத்தைக் காலி செய்யச் சொல்லுங்கள். என் பெண்ணுக்குச் சேர்த்த சீர்ப் பாத்திரங்களை அடுக்க இடமில்லாமல் தவிக்கிறேன்.”

அம்சவேணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, தன் செல்போனை ராஜாவிடம் நீட்டினாள்.

“மகாராஜா, சுவரில் பார்த்தது போதும். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறவன் பார்க்கிற மாதிரி இதில் பாருங்கள்.”

ராஜா கண்ணைச் சுருக்கினார். போனைத் தள்ளிப் பிடித்தார். கிட்டே கொண்டுவந்தார்.

“என்ன இது, புளியோதரையா?”

“தங்கள் சேனை, மகாராஜா.”

“நடுவில் வேர்க்கடலை மாதிரி?”

“தாங்கள்.”

ராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “வேறு படம் போடு. நான் பளிச்சென்று தெரிய வேண்டும். கம்பீரம் இம்மியும் குறையக் கூடாது. ஆனால் பார்த்தவுடனே சிரிப்பு வர வேண்டும்.”

“யானை, சேனை, கட்டியக்காரன் ஒருவர் விடாமல், யார் எங்கே என்று எல்லோருக்கும் கணக்குச் சொல்ல வேண்டும்!” என்று பிரதானி எடுத்துக் கொடுத்தார்.

“ஆமாம், எல்லோருக்கும்! நாளைக்கே. முடியாவிட்டால் கூடத்தில் பாத்திரம்தான்.”

மறுநாள் அம்சவேணி சுவர்ப் பக்கமே போகவில்லை. சபையில் ஆளுக்கொரு செல்போனைத் திறக்கச் சொன்னாள். திறந்தார்கள். அவ்வளவுதான், தளபதி உதட்டைக் கடித்துக்கொண்டார். புரோகிதர் அங்கவஸ்திரத்தை வாயில் திணித்துக்கொண்டார். ராஜா சிரிப்பதற்கு முன்னால் யாரும் சிரிக்கக் கூடாது என்பது அந்தச் சபையின் சட்டம்.

படத்தில் மஞ்சள் பின்னணியில் ராஜா மட்டும்தான் இருந்தார். முறுக்கிய மீசை, நிமிர்ந்த மார்பு, உலகத்தையே ஆள்கிற பார்வை. தலையில் கிரீடம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கொழுத்த கோழி, முட்டையிடப் போகிற நிம்மதியோடு உட்கார்ந்திருந்தது.

ராஜா சிரிக்கவில்லை.

“என் தலையில் கோழியா?”

அம்சவேணி ஓர் அடி முன்னால் வந்தாள். பின்வாங்குகிற ஜாதி இல்லை அவள்.

“மீசையைப் பாருங்கள் மகாராஜா, ஒரு முடி கலைந்திருக்கிறதா? தலையில் கோழி உட்கார்ந்திருக்கும்போதும் இப்படி அசையாமல் இருக்க வேறு எந்த ராஜாவால் முடியும்? கம்பீரம் என்றால் இதுதானே?”

ராஜா மீசையைத் தடவிக்கொண்டார். அது நியாயம்தான் என்று அவருக்குப் பட்டது.

“சரி, யானை எங்கே?”

“கிரீடத்தைக் காணோமே, மகாராஜா! ஆற்றங்கரையில் தேடிக்கொண்டிருக்கிறது.”

“சேனை?”

“சந்தைத் தெருவில் மூட்டை மூட்டையாகப் பிரித்துத் தேடுகிறது. கட்டியக்காரன் தமுக்கடித்துக்கொண்டே தேடுகிறான். தங்கள் கிரீடம் தொலைந்த நேரத்தில் வரிசையாக நின்று போட்டோவுக்குப் பல்லைக் காட்டினால் அது சேனையா மகாராஜா, சம்பந்தி வீட்டுக் கூட்டமா?”

ராஜாவின் மீசை ஓரம் துடித்தது. பிரதானி அதைக் கவனித்துவிட்டார். இன்னும் ஒரு நிமிஷம் விட்டால் கூடம் கைநழுவிவிடும். துள்ளி எழுந்தார்.

“மகாராஜா, ஏமாறாதீர்கள்! எல்லோருக்கும் கணக்குச் சொன்னாள், எனக்குச் சொன்னாளா? கேளுங்கள், நான் எங்கே? படத்தில் என்னைக் காணோமே!”

அம்சவேணி அவரை மேலும் கீழும் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள், சபைக்கே கேட்டது.

“பிரதானியாரே, கிரீடத்தைக் காணோம். உங்களையும் காணோம். இதற்கு மேல் நான் எதையாவது வரைந்தால் நன்றாகவா இருக்கும்?”

ராஜா சட்டென்று தன் தலையைத் தொட்டுப் பார்த்தார். கிரீடம் இருந்தது. அப்புறம்தான் சிரித்தார். அதற்காகவே காத்திருந்த சபை மொத்தமும் அணை உடைந்தாற்போல் சிரித்தது. கிழக்குக் கூடம் அம்சவேணிக்கே என்று சொல்லி முடிப்பதற்குள் ராஜாவுக்கு மூன்று தரம் புரையேறிவிட்டது.