காய்ச்சின பால்

பால் உறையவில்லை.

பன்னிரண்டு லிட்டர் பால். முப்பது பேர் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாலை உறைய வைக்கும் ரென்னட்டை விட்டு முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. தணிகாசலம் கத்தியை அண்டாவுக்குள் விட்டு எடுத்தார். பால் கத்தியோடு வழிந்தது. இன்னும் பத்து நிமிஷம் என்றார். பத்து நிமிஷம் கழித்து மறுபடி விட்டு எடுத்தார். அப்போதும் வழிந்தது.

"சார், இது சீஸா, பாயசமா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

நாலு பேர் சிரித்தார்கள். தணிகாசலம் சிரிக்கவில்லை.

அவர் நில அளவைத் துறையில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவர். ஓய்வு பெற்றதும் தாண்டிக்குடிச் சரிவில் மூன்று ஏக்கர் வாங்கினார். நாலு மாடு கட்டினார். பால் மிஞ்சியது. சீஸ் செய்யக் கற்கலாம் என்று அமலோற்பவத்திடம் போனார். அமலோற்பவம் மலைமேல் ஒரு கன்னியர் மடத்துப் பால்பண்ணையில் பதினெட்டு வருஷம் சீஸ் செய்தவர். அவருக்கு வயது நாற்பத்தாறு. தணிகாசலத்துக்கு அறுபத்திரண்டு. முதல் ஆறு மாதம் அமலோற்பவம் அவரைப் பாத்திரம் கழுவச் சொன்னார். கழுவினார்.

ஒன்றரை வருஷம் போனது. போன மாதம் தைரியம் வந்து கேட்டார்.

"அம்மா, நான் எப்போ மத்தவங்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம்?"

"நாலு பேரைக் கூப்பிட்டு வெச்சுச் செஞ்சு காட்டுங்க, சர்வேயரே. நான் ஓரமா நின்னு பாக்கறேன். சரியா இருந்தா அடுத்த மாசத்துலேருந்து என் வகுப்பை நீங்களே நடத்துங்க."

"சரியா இல்லேன்னா?"

"பாத்திரம் இருக்கு."

அதற்காகத்தான் இந்தக் கூட்டாஞ்சோறு. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் பண்ணையில் கூடுவது. வீட்டுக்கு ஒரு பதார்த்தம் கொண்டு வருவது. முதலில் சீஸ் பாடம், பிறகு சாப்பாடு. தணிகாசலம் அளந்தே பழகியவர். யார் எதைக் கொண்டு வர வேண்டும் என்று போன வாரமே பட்டியல் போட்டு அனுப்பிவிட்டார். வாழைப்பூ வடை வந்தது. எள்ளுச் சாதம் வந்தது. மதுரைக்காரர் ஒருவர் கடை ஜாங்கிரியைத் தன் வீட்டுத் தூக்குவாளிக்கு மாற்றிக் கொண்டு வந்து, ராத்திரியெல்லாம் பிழிந்தோம் என்றார். ஒருவரும் நம்பவில்லை. ஒருவரும் கேட்கவுமில்லை.

மாடு கறக்கும் வீராயியையும் கூப்பிட்டிருந்தார். பட்டியலில் அவள் பேர் மட்டும் இல்லை. "நீ ஒண்ணும் கொண்டு வர வேண்டாம். சும்மா வந்து சாப்பிட்டுப் போ," என்று சொல்லியிருந்தார். பாவம், அவளுக்கு எதற்குச் சிரமம் என்று நினைத்தார். அப்படி நினைத்ததாகத்தான் அவருக்கு ஞாபகம்.

அமலோற்பவம் ஓரத்திலிருந்து வந்தார். கரண்டியில் கொஞ்சம் பாலை எடுத்து நாக்கில் விட்டார்.

"காய்ச்சின பால்."

"இருக்காதும்மா. காலையில கறந்ததை அப்படியே அண்டாவுல ஊத்தி மூடிட்டுத்தான், இவங்களைக் கூட்டிட்டு வர பஸ் ஸ்டாப்புக்குப் போனேன்."

"திரும்பி வந்து தொட்டுப் பாத்தீங்களா?"

"வெதுவெதுன்னு இருந்துச்சு. வெயில் பட்டிருக்கும், சூடு பண்ற வேலை மிச்சம்னு நெனச்சேன்."

"ஆடை?"

"இல்ல."

"பாலும் வெதுவெதுன்னு ஆகி, ஆடையும் காணாமப் போச்சு. நல்ல வெயில்."

ரென்னட் பச்சைப் பாலைத்தான் கட்டியாக்கும். பொங்கி இறங்கிய பாலில் அதன் ஜம்பம் பலிக்காது. இது தணிகாசலத்துக்குத் தெரியும். நம் ஊரில் பால் பாத்திரத்தில் சும்மா கிடந்தால், பார்த்த கை அதை அடுப்பில் ஏற்றிவிடும். இதுவும் அவருக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை.

"யாரு காய்ச்சினது?" என்று கத்தினார்.

ஒரு குழந்தையின் மேலுதட்டில் ஆடை ஒட்டியிருந்தது. அதன் அம்மா முந்தானையால் அவசரமாகத் துடைத்தாள்.

வீராயி தொழுவத்துப் பக்கமிருந்து வந்தாள்.

"நான்தான்யா. மூடி கிடந்துச்சு. வெயில் ஏறுதே, கெட்டுப் போயிருமேன்னு வெச்சு எறக்கினேன். ஆடையைப் பிள்ளைகளுக்குக் குடுத்தேன்."

"உன்னை யாரு செய்யச் சொன்னா? சும்மா வந்து சாப்பிடுன்னுதானே சொன்னேன்!"

"சும்மா எப்படிய்யா சாப்பிடறது? எல்லாரும் ஒரு சட்டி கொண்டாந்திருக்காங்க."

அவள் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் முப்பது பேருக்கும் கேட்டது.

தணிகாசலம் கத்தியைக் கீழே வைத்தார். ஒன்றரை வருஷம் போச்சு, வகுப்பும் போச்சு என்று மட்டும் மனசில் ஓடியது.

அமலோற்பவம் அண்டாவை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"வீராயிக்கா, உங்க வீட்டுல காய்ச்சின பால் மிஞ்சினா என்ன பண்ணுவீங்க?"

"எங்கம்மா மிஞ்சுது? எப்பவாவது மிஞ்சினா புளிச்ச மோரை விட்டுத் திரிய வெச்சு, துணியில கட்டிக் கல்லைத் தூக்கி மேல வெச்சிருவேன். அப்புறம் உப்பு, மிளகு. மறுநாளைக்குக் கஞ்சிக்கு ஆகும்."

"இப்ப அந்த மோர் இருக்கா?"

"மூணு நாள் மோரு இருக்கு. ஆனா..."

"என்ன ஆனா?"

வீராயி தணிகாசலத்தைப் பார்த்தாள். "எங்க வீட்டுப் பானையில இருக்கு."

அமலோற்பவமும் தணிகாசலத்தைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குச் சர்வேயர் நாலு திசையிலும் எல்லைக்கல் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை.

"கொண்டு வா," என்றார் தணிகாசலம்.

அவள் வீடு ஓடைக்கு அந்தப் பக்கம். பத்து நிமிஷத்தில் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு மேடேறி வந்தாள். கரி பிடித்த மண்பானை. தணிகாசலம் ஓடிப் போய் ஓர் எவர்சில்வர் வாளியை எடுத்து நீட்டினார்.

"இதுல ஊத்திடு."

"எதுக்கு?" என்றார் அமலோற்பவம்.

"இல்ல, இதுல மாத்தி..."

"பானை ஓட்டையா?"

"இல்ல."

"அப்போ?"

தணிகாசலம் முப்பது பேரையும் ஒரு முறை பார்த்தார். வாளியைக் கீழே வைத்தார்.

"நீங்க பானையைத் தூக்கி ஊத்துங்க, சர்வேயரே. அக்கா கிண்டட்டும். அவங்க நிறுத்தச் சொன்னா நிறுத்துங்க."

அண்டா மறுபடி அடுப்பேறியது. பால் விளிம்புக்கு வந்ததும் வீராயி விறகை இழுத்தாள். தணிகாசலம் பானையைச் சாய்த்தார். பானை கனம்தான். கரி சட்டையில் அப்பியது.

"மெல்ல. மெல்லய்யா. இப்படிக் கொட்டினா பால் பயந்துக்கும்."

யாரோ சிரித்தார்கள். இந்த முறை வேறு மாதிரிச் சிரிப்பு.

"நிறுத்துங்க."

நிறுத்தினார்.

வீராயி அகப்பையை ஒரு சுற்றுச் சுற்றினாள். பால் அங்கங்கே பிரிய யோசித்தது. பிரியவில்லை. தணிகாசலம் குனிந்து பார்த்தார். ஆவி முகத்தில் அடித்தது.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?" என்று கேட்டார்.

கேட்ட பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது. ஒன்றரை வருஷமாக அவளை வா, போ என்று மட்டுமே கூப்பிட்டிருக்கிறார்.

வீராயி நிமிரவில்லை. "ஊத்துங்க. அவ்வளவுதான், போதும். பச்சத்தண்ணி தெரியுது பாருங்க."

பால் விலகியது. வெள்ளையெல்லாம் கட்டி கட்டியாகத் திரண்டு மேலே வர, கீழே இளம்பச்சையாகத் தண்ணீர் தெளிந்தது. குழந்தைகள் கூச்சல் போட்டன. பெரியவர்கள் செல்போனை நீட்டிக்கொண்டு முண்டியடித்தார்கள். திண்டுக்கல்லிலிருந்து வந்த பல் டாக்டரம்மா, "மோர் எவ்வளவு புளிச்சிருக்கணும்க்கா?" என்று கேட்டார். "பல்லு கூசணும்," என்றார் வீராயி. டாக்டரம்மா அதைத் தாளில் குறித்துக்கொண்டார்.

துணியில் கட்டினார்கள். அம்மிக்கல்லை மேலே ஏற்றினார்கள். ஒரு மணி நேரத்தில் கட்டி நின்றது. தணிகாசலம் கொல்லையில் காய வைத்திருந்த மிளகை வீராயி பொடித்துப் போட்டு வெட்டினார்.

"இது பன்னீர்தானே? சீஸ்னு சொன்னீங்க," என்றார் மதுரைக்காரர்.

"ஜாங்கிரி நீங்க பிழிஞ்சதுதானே?" என்றார் அமலோற்பவம்.

மதுரைக்காரர் இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார்.

பந்தி போட்டார்கள். வீராயி சுவரோரம் ஒதுங்கினார். தணிகாசலம் ஓர் இலையைக் கொண்டு போய் வரிசையின் நடுவில் விரித்து, தண்ணீர் தெளித்து, அங்கேயே நின்றார். வாயால் கூப்பிட அவருக்கு வெட்கமாக இருந்தது. இலை காற்றில் எழும்பியது. விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். வீராயி சிறிது நேரம் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

பானையைப் பிள்ளைகள் வழித்துக் குடித்துவிட்டார்கள்.

மூன்றரை மணி பஸ்ஸுக்கு எல்லாரும் போய்விட்டார்கள். அமலோற்பவம் ஸ்கூட்டியில் ஏறினார். தணிகாசலம் பக்கத்தில் வந்து நின்றார். சட்டையில் கரி அப்படியே இருந்தது.

"அம்மா. அடுத்த மாச வகுப்பு..."

"நடத்துங்க."

அவர் அதை எதிர்பார்க்கவில்லை.

"எனக்கு உறைய வெக்கத் தெரியலையே."

"அது தெரியும் உங்களுக்கு."

தணிகாசலம் தரையைப் பார்த்தார்.

"வர்றவங்க கேப்பாங்களே, முதல் தடவை என்ன ஆச்சுன்னு."

"உள்ளதைச் சொல்லுங்க. சொல்ல முடிஞ்சா நடத்துங்க."

"சொல்லிடறேன். என்னால பால் உறையல, எங்க குரு வந்து சரி பண்ணிக் குடுத்தாங்கன்னு."

அமலோற்பவம் மாட்டிய ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"நான் ஓரமா நின்னு பாத்தேன், சர்வேயரே. சரி பண்ணினது வீராயிக்கா."