காவலர் இல்லாத நாள்

கல்லாற்றுக்கு இக்கரையில் பாறைக்குடி என்று ஓர் ஊர். அறுபது வீடு, ஒரு கிணறு, ஒரு கொல்லுப்பட்டறை. பெரிய ஊர் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. ஆனால் அந்த ஊர்க்காரர்கள் சந்தைக்கு வந்தால் நடையிலேயே தெரியும். தலை கொஞ்சம் நிமிர்ந்துதான் இருக்கும். என்னவே இவ்வளவு மிடுக்கு என்று கேட்டால் வன்னிமுத்து கதையைச் சொல்வார்கள்.

வன்னிமுத்து பாறைக்குடிக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது அறுபது. அதற்கு முன்னால் வடக்கே ஒரு கோட்டையில் களஞ்சியக் காவலர். அந்தக் கோட்டை விழுந்தது. ராஜா ஓடினார், தளபதி ஓடினார், அதிகாரிகள் ஓடினார்கள். வன்னிமுத்து மட்டும் வேல்கம்பும் கையுமாகக் களஞ்சிய வாசலில் நின்றார். உள்ளே தானியம் மலையாகக் கிடக்கிறது. வெளியே ஊர் பட்டினி. கதவைத் திறக்க உத்தரவு வரும் வரும் என்று பதினோரு நாள் நின்றார். கொடுப்பதற்கு ஆள் இருந்தால்தானே உத்தரவு வரும்? பன்னிரண்டாம் நாள் ஜனம் கதவை உடைத்தது. மிதிபட்டுச் செத்தவர்கள் நாற்பது பேர்.

அவர்கள் அலறிய சத்தம் அவர் காதைவிட்டுப் போகவே இல்லை.

பாறைக்குடியில் ஆவுடையம்மை இருந்தார். நாற்பது வயதுதான். பீடம், காவி என்று ஒன்றும் கிடையாது. புளியமரத்தடியில் முறமும் கையுமாக எதையாவது புடைத்துக்கொண்டிருப்பார். கேட்க வந்தவர்கள் எதிரே உட்கார்ந்து கேட்பார்கள். வன்னிமுத்துவும் போய் உட்கார்ந்தார்.

“அம்மா, ஒரு கேள்வி.”

“கேளுங்க அண்ணாச்சி.”

“இந்த ராஜ்ஜியமும் ஒருநாள் விழும். ஒண்ணு விழுறதைப் பாத்தவன் நான். அன்னைக்கு இந்த ஊர் பிழைக்கணும்னா என்னென்ன இருக்கணும்?”

“நீங்களே சொல்லுங்க.”

“கல்லுல ஒரு களஞ்சியம். தேக்குக் கதவு. ஒரு பூட்டு, ஒரு சாவி. நம்பிக்கையா ஒரு காவல்.”

“கட்டுங்க.”

கட்டினார். ஊரே மேட்டுக்குக் கல் சுமந்தது. ஒவ்வொரு அறுவடைக்கும் எல்லா வீட்டிலிருந்தும் சோளமும் கேழ்வரகும் வந்து அது நிறைந்தது. சாவி வன்னிமுத்துவின் அரைஞாணில் தொங்கியது. திரும்பவும் புளியமரத்தடிக்கு வந்தார்.

“முடிஞ்சுது அம்மா.”

“பாதிதான் முடிஞ்சுது. எது இருந்தா பிழைக்கும்னு கேட்டீங்க. எது இல்லாட்டாலும் பிழைக்கும்னு கேக்கலையே.”

அப்படிச் சொல்லிவிட்டு, பக்கத்திலிருந்த புதுப்பானையைத் தூக்கித் தரையில் போட்டு உடைத்தார். குயவர் வீட்டு மாடத்தி, “ஐயோ, காலையிலதான் கொண்டுவந்தேன்” என்று வாயில் கைவைத்தாள்.

வீட்டுக்கு ஒருவர் வந்து ஒரு சில்லு எடுத்தார்கள். எது இல்லாவிட்டால் இந்த ஊர் பிழைக்காதோ அதை ஆளுக்கொன்று கீறச் சொன்னார் அம்மை. எழுதத் தெரிந்தவர் யாரும் இல்லை, படம்தான். ஒருவர் கிணறு கீறினார். ஒருவர் உப்புப் பொதி. ஒருத்தி மருத்துவச்சியைக் கீறினாள். இன்னொருத்தி அம்மையையே கீறினாள். ஆற்றுப் பாலம், அடுப்பு நெருப்பு, சுத்தியலோடு கொல்லர் எல்லாம் வந்தன. வன்னிமுத்து ஒரு கதவைக் கீறி, அதன் முன்னால் சாவியோடு நிற்கும் ஓர் ஆளைக் கீறினார்.

எல்லாச் சில்லும் வேறொரு பானைக்குள் போயின.

“அமாவாசைக்கு அமாவாசை, விடிஞ்சதும் ஒண்ணு எடுப்போம்” என்றார் அம்மை. “எடுத்த சில்லு இந்த மரத்துல தொங்கும். அது அன்னைக்குப் பொழுது சாயுற வரைக்கும் ஊர்ல இல்லை. பொருள்னா தொடக்கூடாது. ஆள்னா யாரும் அவர்கிட்ட பேசக்கூடாது, அவரைப் பாக்கக்கூடாது.”

“வெளையாட்டா அம்மா?” என்றார் வன்னிமுத்து.

“வெளையாட்டுதான்.”

கிணறு இல்லாத நாளில் ஊர் அம்மையைத் திட்டிக்கொண்டே ஆற்றுமணலில் ஊற்றுத் தோண்டியது. உப்பு இல்லாத நாளில் மாடத்தி உவர்மண்ணைக் கரைத்து, வடித்து, காய்ச்சி, ஒரு கை உப்பு எடுத்தாள். கறுப்பாக இருந்தது. “மாடு மோந்து பாத்தா மயங்கி விழும்” என்றார்கள். அடுத்த முறை அது வெளுத்திருந்தது. பாலம் இல்லாத நாளில் வெறும் பானைகளைக் கவிழ்த்து மூங்கிலில் கட்டி மிதவை செய்தார்கள். முதல் மிதவை நாலு பேரைக் குளிப்பாட்டியது. மூன்றாவது மிதவையில் ஓர் ஆடு நனையாமல் அக்கரை போனது.

மருத்துவச்சி இல்லாத நாளில் ஒருத்திக்கு வலி கண்டுவிட்டது. மருத்துவச்சி அந்த வீட்டு வாசற்படியில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், வில்லங்கம் என்றால் எழுந்து ஓட. எழ வேண்டி வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரிகள் இரண்டு பேர் பிள்ளையைக் கையில் ஏந்தி வெளியே வந்தார்கள்.

கொல்லர் இசக்கியின் பாடுதான் பெரும்பாடு. அவர் இல்லாத நாளில் பட்டறை வாசலிலேயே உட்கார்ந்து, ஆட்டுக்காரர் பொண்டாட்டி அரிவாளைக் காய்ச்சி அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அடிக்க அடிக்க இவர் நெளிந்தார். பொழுது சாய்ந்ததும் பாய்ந்து போய் அரிவாளைப் பிடுங்கினார்.

“இது என்ன அரிவாளா, அகப்பையா?”

“இம்புட்டு நேரம் இல்லாதவர் பேசாதேயும்” என்றாள் அவள். “வேலை நடந்துதா இல்லையா?”

மூன்று வருஷம் போயிற்று. ஒரே படத்தைப் பலர் கீறியிருந்ததால் எல்லாப் படமும் ஒரு தடவையாவது வந்துவிட்டது. வன்னிமுத்துவின் சில்லு மட்டும் வரவில்லை. அவருக்கு அதில் உள்ளூரப் பெருமை.

“பானைக்கே தெரியுது அம்மா, எது இல்லாம முடியாதுன்னு.”

அம்மை முறத்தைத் தட்டினார்.

நாலாம் வருஷம் ஐப்பசியில் அடைமழை. கல்லாற்றுப் பாலம் அடித்துக்கொண்டு போயிற்று. அமாவாசை விடியலில் வன்னிமுத்து, களஞ்சியத்துக்குத் தண்ணீர் வருமோ என்று ஊருக்கு வடக்கே ஆற்றங்கரையைப் பார்க்கப் போயிருந்தார். திரும்பி வரும்போது அக்கரையில் இரைச்சல். பார்த்தால் முந்நூறு பேர் நிற்கிறார்கள். குழந்தையும் மூட்டையும் கிழவர்களுமாக. முன்னால் நின்ற, ஊருக்கு உப்பு கொண்டுவரும் வியாபாரி கையை வாயில் குவித்துக் கத்தினார்.

“நம்ம ராஜ்ஜியத்துக் கோட்டை விழுந்துட்டு! ராஜா ஓடிட்டாரு! இனி பாதையும் கிடையாது, உப்பும் கிடையாது! இவங்க சாப்பிட்டு மூணு நாளாச்சு!”

வன்னிமுத்துவின் கை அரைஞாணில் இருந்த சாவிக்குப் போயிற்று. அவருக்கு முன்னால் கரையில் நின்ற இரண்டு பேர் நிதானமாகப் பேசிக்கொண்டார்கள்.

“கோட்டை விழுந்துட்டாம்வே.”

“கோட்டைச் சில்லு நம்ம பானையில கிடையாதே?”

“அப்போ நமக்கு அது தேவைப்பட்டதே இல்லைன்னு அர்த்தம். பானையை எடும், மிதவை கட்டுவோம்.”

வன்னிமுத்து புளியமரத்தடிக்கு ஓடினார்.

“அம்மா! வந்துட்டு! நான் சொன்ன நாள் வந்துட்டு! முந்நூறு வாய். களஞ்சியத்தைத் திறக்கவா, பூட்டியே வைக்கவா? ஒரு வார்த்தை சொல்லுங்க!”

அம்மை புடைத்துக்கொண்டே இருந்தார். நிமிரவில்லை.

“அம்மா!”

முறத்தின் சத்தம்தான் வந்தது. இன்றைக்கு அம்மையின் சில்லுதான் வந்திருக்கிறது, அவர்தான் இல்லை என்று வன்னிமுத்து நினைத்துக்கொண்டார். மரத்தை அண்ணாந்து பார்க்க அவருக்கு நேரம் இல்லை. மேட்டுக்கு ஓடி, களஞ்சியக் கதவில் முதுகைச் சாய்த்து, வேல்கம்பைக் குறுக்கே பிடித்து நின்றார். பழைய நிலை. காதில் பழைய சத்தம்.

பொழுது நன்றாக ஏறியபின் இசக்கி சம்மட்டியோடு ஏறி வந்தார். பின்னால் மாடத்தி. அவளுக்குப் பின்னால் வெறும் கூடைகளோடு பத்துப் பன்னிரண்டு பேர்.

“நில்லுங்க! யாரும் கிட்ட வராதீங்க!” என்றார் வன்னிமுத்து.

இசக்கி அவரைத் தாண்டிப் பூட்டைப் பார்த்தார். “நல்ல பூட்டு. நான் அடிச்சதுதான். உடைக்க மனசே வரலை.”

“என்ன செய்ய?” என்றாள் மாடத்தி. “காவலர் இருந்தா சாவி இருக்கும். இன்னைக்குப் பாத்து மனுசன் இல்லாமப் போயிட்டாரு.”

வன்னிமுத்துவுக்கு அப்போதுதான் உறைத்தது. மரத்தில் தொங்குவது அம்மையின் சில்லு இல்லை.

“அட கூறுகெட்டவங்களா, இது அமாவாசை வெளையாட்டு இல்லை! நிசம்! திறந்தா கூட்டம் மிதிபட்டே சாகும், நான் கண்ணால பாத்தவன்!”

“காத்து பலமா அடிக்குது” என்றார் இசக்கி.

மாடத்தி இசக்கியிடம் பேசுவதுபோல் பேசினாள். குரல் மட்டும் கொஞ்சம் தணிந்திருந்தது. “காவலர் இருந்தா, கூட்டம் மிதிக்கும்னு பயப்படுவாரு. பாவம், பட்டவரு. ஆனா கூட்டம் எங்க இருக்கு? மிதவையை விட்டு இறங்க இறங்க வீட்டுக்கு அஞ்சு பேராப் பிரிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டிருக்கோம். அறுபது வீட்டுலயும் உலை வச்சாச்சு. களஞ்சியம் எந்தப் பக்கம்னுகூட வந்தவங்களுக்குத் தெரியாது. நாம கூடையில எடுத்துட்டுப் போறதுதான் பாக்கி.”

வன்னிமுத்து கீழே பார்த்தார். ஆற்றில் ஒன்றன்பின் ஒன்றாக மிதவைகள். கரையில் தள்ளுமுள்ளு இல்லை. ஆட்டுக்காரர் பொண்டாட்டி இடுப்பில் கைவைத்து நின்று, “இந்த அஞ்சும் வண்ணார் வீட்டுக்கு, இந்த அஞ்சும் என் வீட்டுக்கு” என்று கத்திக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கூரையிலிருந்தும் புகை எழுந்தது.

இசக்கி சம்மட்டியை ஓங்கினார். ஓங்கியது ஓங்கியபடி நின்றது. அடிக்கவில்லை.

வன்னிமுத்து வேல்கம்பைச் சுவரில் சாய்த்தார். அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்து வாசற்கல்லில் வைத்தார். நாலு எட்டுத் தள்ளிப்போய்ப் பாறையில் உட்கார்ந்தார்.

“அடடே, சாவி இங்கேதான் கிடக்கு!” என்று குனிந்து எடுத்தாள் மாடத்தி. நிமிர்ந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கூடைகள் நிறைந்து இறங்கின. ஒருவரும் ஓடவில்லை.

அன்று முழுக்க வன்னிமுத்து தெருத்தெருவாக நடந்தார். ஊரில் ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை, பேசவில்லை. ஒவ்வொரு வாசலிலும் நின்று உள்ளே பார்த்தார். எல்லா வீட்டிலும் ஐந்து பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாடத்தி காய்ச்சிய உப்பு இலை ஓரத்தில் வெள்ளையாக இருந்தது. அக்கரையிலிருந்து வந்த ஒரு பெரியவர், வழக்கம் தெரியாதவர், அவரை நிறுத்திக் கேட்டார்.

“ஏன் ஐயா, இவ்வளவு தானியம் வச்சிருக்கீங்க. இந்த ஊருக்குக் காவல்காரர் யாரும் கிடையாதா?”

“இன்னைக்கு இல்லை” என்றார் வன்னிமுத்து. சொல்லும்போது அவர் நெஞ்சு தானாக நிமிர்ந்தது.

பொழுது சாய்ந்தது. புளியமரத்தடிக்குப் போனார். கிளையில் அவருடைய சில்லு ஆடிக்கொண்டிருந்தது. அம்மை தலைநிமிர்ந்து சிரித்தார்.

“வாங்க அண்ணாச்சி. சாப்பிட்டாச்சா?”

வன்னிமுத்து எதிரே உட்கார்ந்தார்.

“கதவை மறிச்சு நின்னேனே அம்மா. சாவியை வைக்காமலே நின்னிருந்தா?”

“இசக்கி உங்களை நகத்தி வச்சிட்டு உடைச்சிருப்பாரு. நாளைக்கு அவரே வேற பூட்டு அடிச்சிருப்பாரு.”

“அந்தக் கோட்டையில உத்தரவுக்காகப் பதினோரு நாள் நின்னேன். இன்னைக்கும் அதே காவலனாத்தான் உங்ககிட்ட ஓடி வந்தேன். நீங்க ஏறெடுத்தும் பாக்கலையே?”

அம்மை முறத்தை ஒரு தட்டுத் தட்டி உமியை ஊதினார்.

“பதினோரு நாள் நின்ன காவலரையா கேக்கீங்க? காலையில இருந்து அவரை இந்த ஊர்ல யாருமே பாக்கலையே அண்ணாச்சி.”