துட்டி வீட்டுக்குக் கஞ்சி சுமந்தவர்

தெற்குக் கடற்கரையில் உவர்க்குடி என்று ஓர் ஊர். அங்கே உலகம்மாள் என்ற அம்மையார் உப்பளத்தில் கூலி வேலை செய்து வந்தார். பாத்தியில் விளைந்த உப்பை வாரிப் பெட்டியில் சுமந்து மேட்டில் கொட்ட வேண்டும். வெயில் ஏறுவதற்குள் பாதம் வெடித்து, வெடிப்பில் உப்புநீர் இறங்கும். கணவர் இசக்கி இளவயதிலேயே காய்ச்சலில் போய்விட்டார். கையில் ஒரே மகன், சுடலைமுத்து.

அன்றாடம் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை உலகம்மாள் தனிப்பானையில் போட்டு வைப்பார். அது கருணைநாயகி அம்மனுக்கு உரியது. ஆனால் அந்த அரிசி ஒருநாளும் கோயிலுக்குப் போனதில்லை. ஊரில் எந்தத் தெருவில் சாவு விழுந்தாலும், அடுப்பு எரியாத அந்த வீட்டுக்கு அதைக் கஞ்சியாகக் காய்ச்சிச் சுமந்துகொண்டு போவார். சாவு நாளில் கோயில் நடை சாத்தியிருக்கும். மறுநாள் காலையில் கழுவிவிட்ட பிறகுதான் திறப்பார்கள். சாத்திய கதவுக்கு முன்னால் பானையை இறக்கி வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் அவர் நடப்பார். சாவு விழுந்த அந்தத் துட்டி வீட்டில் பின்வாசலோடு போய், அழுது களைத்தவர்களைக் குடிக்க வைத்துவிட்டுத் திரும்புவார்.

ஆனால் ஊர் அதை வேறு விதமாகப் பார்த்தது. உலகம்மாள் பானையோடு வந்தால் அங்கே பிணம் கிடக்கிறது என்று பொருளாகிவிட்டது. நாளடைவில் பானை இல்லாமல் வந்தாலும் முகம் சுளித்தார்கள். கல்யாண வீடுகளில் அவரை அழைப்பதை விட்டார்கள். வயிறு தள்ளிய பெண்கள் அவரைக் கண்டால் உள்ளே போய்விடுவார்கள். துக்க நாளில் தங்கள் வீட்டில் கஞ்சி வாங்கிக் குடித்தவர்களே அவருக்குத் ‘துட்டிக்காரி’ என்று பேர் வைத்தார்கள்.

சுடலைமுத்துவுக்குப் பெண் தேடியபோது இரண்டு இடங்கள் கைகூடி வந்து முறிந்தன. மூன்றாவது இடமும் போனபோது மகன் தாயிடம் வந்து நின்றான்.

“எம்மா, இனிமே அந்தப் பானையத் தூக்காத. உன்னால எனக்குப் பொண்ணு குடுக்கப் பயப்படுதாவ.”

மகன் சொன்னது நியாயம்தான் என்று உலகம்மாளுக்கே தோன்றியது. ஆனாலும், “உங்கப்பா கெடந்த அன்னிக்கு உனக்கு ரெண்டு வயசு. பசிச்சு அழுத. கேக்க ஆளில்ல. அந்த அழுக இன்னும் காதுல கெடக்குய்யா. என்னால முடியாது” என்றார். சுடலைமுத்து அதற்கப்புறம் பல நாள் தாயிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த வருத்தத்தையும் அவர் அம்மனிடமே சொல்லி வைத்தார்.

கடைசியில் பெண் தானாக வந்தது. தாய் தகப்பன் இல்லாமல் அத்தை வீட்டில் வளர்ந்த பிச்சம்மாள், எந்த வீடு என்று தெரிந்ததும் உடனே சம்மதம் சொன்னாளாம். அவள் தாய் இறந்த அன்று அவளை மடியில் இருத்திக் கஞ்சி புகட்டியவர் உலகம்மாள். மகனுக்கும் தாய்க்கும் இடையிலிருந்த பேச்சில்லாமையை அவள்தான் மெல்ல மெல்லத் தீர்த்து வைத்தாள்.

அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. ஐப்பசி மழை தொடங்கும் முன் உப்பை மூடிவிட வேண்டும் என்று ஓலை சுமந்து போன சுடலைமுத்துவின் மேல் இடி விழுந்தது. உச்சிப்பொழுதில் தூக்கி வந்தார்கள். மழைக்கு அஞ்சி அன்று மாலைக்குள்ளேயே அடக்கமும் செய்துவிட்டார்கள். உலகம்மாள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருந்தார்.

கூட்டம் கலைந்தது. அந்த வீட்டுக்கு யாரும் கஞ்சி கொண்டுவரவில்லை. அவர்களை வன்நெஞ்சர் என்று சொல்லிவிட முடியாது. துட்டி வீட்டுக் கஞ்சி என்றால் உலகம்மாள் கொண்டுவருவார் என்று ஊர் பழகியிருந்தது. அந்த உலகம்மாள் வீட்டுக்கு யார் கொண்டுபோவது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பிச்சம்மாளுக்குப் பால் வற்றியது. குழந்தை வீறிட்டு அழுதது.

விளக்கு வைக்கும் நேரத்தில், பின்வாசலில் ஒரு பெண் ஆவி பறக்கும் பானையோடு வந்து நின்றாள். முகம் பழகியதாகவும் இருந்தது, பழகாததாகவும் இருந்தது. கணுக்கால் வரை சேறு.

“எந்த வீட்டுப் புள்ளம்மா நீ?” என்று கேட்டார் உலகம்மாள்.

“கோயிலண்டைதான் ஆத்தா. குடி. நீ குடிச்சாத்தான் அந்தப் பச்சப்புள்ளக்காரி குடிப்பா.”

உலகம்மாள் குடித்தார். பிச்சம்மாளும் குடித்தாள். சற்று நேரத்தில் குழந்தையின் அழுகை அடங்கியது. அவர்கள் நிமிர்ந்து பார்த்தபோது வந்தவளைக் காணவில்லை.

மறுநாள் காலை பூசாரி குமரவேலு ஓடிவந்தார். முந்தின நாள் உச்சிப்பொழுதில் சாத்திப் பூட்டிய நடையை அப்போதுதான் திறந்திருக்கிறார். சாவி அவர் இடுப்பை விட்டு இறங்கவில்லை. உள்ளே அம்மன் புடவையின் கரை முழுவதும் அளத்துச் சேறு. முந்தானையில் கஞ்சி சிந்திய ஈரம். கோயிலைச் சுற்றி வீடு ஏதும் இல்லை என்பது அப்போதுதான் பிச்சம்மாளுக்கு உறைத்தது.

மகனுக்காக அழாத உலகம்மாள் அப்போதுதான் அழுதார்.

“பின்வாசல்லயே நிக்க வச்சிட்டேனே. உள்ள வந்து உக்காரும்மான்னு ஒரு வார்த்த சொல்லலியே.”

அதன்பின் எவரும் அவரைக் கண்டு முகம் சுளிக்கவில்லை. கல்யாண வீடுகளில் முதல் தாம்பூலம் அவருக்கு என்றார்கள். அவர் போவார், ஒரு மூலையில் இருந்து வாழ்த்திவிட்டு வருவார். மகனைத் தின்ற அளத்திலேயே மேலும் இருபது வருடம் உப்பு வாரினார். பேத்தியைக் கட்டிக்கொடுத்து, அவள் பிள்ளைகள் அறுவரையும், ஊரில் நாதியற்று நின்ற வேறு சிலரையும் அந்தச் சிறு வீட்டிலேயே வளர்த்தார். ஆனாலும் இடி முழங்கும் நாளில் அவர் கை எந்த வேலையிலிருந்தாலும் நின்றுவிடும். அந்தத் துயரத்தை அம்மனும் எடுத்துவிடவில்லை. கூட இருந்தாள், அவ்வளவுதான்.

எண்பத்தாறாம் வயதில், ஒரு தை மாதக் காலையில், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவர் முறத்தின் மேல் கை வைத்தபடியே அம்மனடி சேர்ந்தார். தலைநரைத்த பிச்சம்மாள் அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, யார் அழைத்தும் எழுந்திருக்கவில்லை.

பிறர் துக்கத்தின் வாசலையே தம் தெய்வத்தின் சன்னிதியாகக் கண்ட உலகம்மாளின் பெயரைச் சொல்ல நமக்கு வாய்த்ததே பெரும்பேறு.