முதல்வர் திருப்பித் தராத புத்தகம்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. என்னோடு நூலக அறிவியல் படித்து, ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த தோழி சொன்னது. நான் அப்போது வேலை தேடிக்கொண்டிருந்தேன்.

கல்லூரி முதல்வர் தணிகாசலம் அந்த மாதம் பணி ஓய்வு பெற இருந்தார். அவருடைய கடைசிக் கட்டுரைக்கு ஏஐ ஒரு புத்தகத்தைச் சொன்னது. அது கல்லூரி நூலகத்திலேயே இருக்கிறது என்றும் சொன்னது. நூலகத்தில் என் தோழியோடு வேலை பார்த்த ஒப்பந்தப் பணியாளர் உமையாள் எல்லா அலமாரிகளிலும் தேடிவிட்டு வந்தார்.

"அப்படி ஒரு புத்தகமே இல்லைங்க சார்."

"ஏஐ பொய் சொல்லுமா? சாயங்காலத்துக்குள்ள புத்தகம் வரலைன்னா நாளையிலிருந்து நீ வராதே. உன் வேலையையும் அதுவே பார்த்துக்கும்."

சுற்றி நின்ற துறைத்தலைவர்கள் சிரித்தார்கள். உமையாள் முதல்வரின் கணினியில் திறந்திருந்த அந்த ஏஐயிடமே தட்டிக் கேட்டார்: 'முதல்வர் தணிகாசலம் எடுத்துப்போன அந்தப் புத்தகத்தை எப்போது திருப்பித் தருவார்?'

'ஜூன் மாதம் எடுத்தார். இன்னும் திருப்பித் தரவில்லை' என்று பணிவாகப் பதில் வந்தது.

"அப்போ புத்தகம் உங்ககிட்டதான் இருக்குங்க சார். அது வராம நூலகத்திலேருந்து பாக்கி எதுவும் இல்லைன்னு நோ டியூஸ் சர்டிபிகேட் தர முடியாதே. நோ டியூஸ் இல்லாம உங்க பென்ஷன் ஃபைல் நகராதுங்களே."

"நான் எடுக்கவே இல்லம்மா! இது வாய்க்கு வந்ததைச் சொல்லுது!"

"அதைத்தான் சார் காலையிலேருந்து நானும் சொல்றேன்."

பிறகு நானே அங்கே போய் விசாரித்தேன். உமையாள் அதே மேசையில்தான் இருக்கிறார். ஒப்பந்தத்தை மட்டும் இன்னமும் வருடா வருடம்தான் புதுப்பிக்கிறார்கள்.