கூழைக்கடா ஏன் வாய் திறப்பதில்லை

அந்தக் காலத்தில், பறவையும் மனுஷனும் ஒரே பேச்சில் சண்டை போட்டுக்கொண்டு கிடந்தபோது, இருப்பதிலேயே பெரிய குரல் கூழைக்கடாவுக்குத்தான். இன்று சொன்னால் யார் நம்புவார்கள்? குளத்தின் இந்தக் கரையில் அது தும்மினால் அந்தக் கரையில் புளியம்பழம் உதிரும். பக்கத்து ஊரில் காய்ச்சி வைத்த பால் திரிந்துபோகும். அதன் அலகும் அப்போது ஒரு புள்ளிகூட இல்லாமல், உரித்த பனங்கிழங்கு மாதிரி வழவழவென்று இருந்தது.

அந்தக் குளத்துக்கு மடை திறந்து அடைக்கிறவன் வெயிலுகந்தான். நல்ல மனுஷன். யாரையும் பசியோடு விடமாட்டான். வாசலை மிதித்தவனுக்கு முதலில் சோறு, பிறகுதான் பெயர் விசாரிப்பு. ‘போதும்’ என்ற சொல் மட்டும் அவன் காதில் ஏறவே ஏறாது. சாப்பிடுகிறவன் இலைக்குக் குறுக்கே கையை நீட்டினால், கையை ஒதுக்கிவிட்டு ஊற்றுவான். ஒதுங்காத கையென்றால் கைமேலேயே ஊற்றுவான். அவனோடு சண்டைக்கு வந்தவர்கள்கூட ஏப்பம் விட்டுக்கொண்டுதான் திரும்பினார்கள். சிலரைக் கட்டை வண்டியில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டியிருந்தது.

காற்று பேயாக அடித்த ஒருநாள், கருவேல மரத்துக் கூட்டிலிருந்து கூழைக்கடாவின் குஞ்சு கீழே விழுந்தது. இறகு பாதி முளைத்த ஒற்றைப் பிள்ளை. இடது சிறகு மடங்கித் தொங்கியது. தாய் தொண்டை கிழியக் கத்தியது.

“வெயிலுகந்தண்ணே! ஓடி வாங்கண்ணே! எம்புள்ள விழுந்துட்டான்!”

மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினான். நாய்களை விரட்டினான். குஞ்சைத் துண்டால் பொத்தி எடுத்தான். அதுவரை அவன் செய்ததெல்லாம் சரி.

“வடகுளத்து நாரைக்கிழவரக் கூட்டியாறேன்ணே. எலும்பு கட்ட அவர விட்டா ஆளில்ல. அதுவரைக்கும் நெழல்ல வச்சுக் கூடையக் கவுத்து மூடிருங்க. உத்து உத்துப் பாக்காதீங்க, பயந்துருவான். வாயில மட்டும் ஒண்ணும் விட்டுராதீங்க. தண்ணிகூட வேண்டாம்.”

“சரி தாயி. நீ போயிட்டு வா.”

தாய் பறந்தது. வீட்டுக்குப் பின்னால், கவிழ்த்த கூடைக்குள் குஞ்சு கத்தியது. வலிக்குக் கத்தியதோ, தாய்க்குக் கத்தியதோ. வெயிலுகந்தான் காதில் எல்லாக் கத்தலும் பசியாகத்தான் விழும். எழுந்தான், உட்கார்ந்தான். வேட்டியை அவிழ்த்துக் கட்டினான். கடைசியில் பெண்டாட்டியைக் கூப்பிட்டான்.

“ஏட்டி ஆவுடை, கேப்பைக் கஞ்சி இருக்கா?”

“ஒண்ணும் குடுக்காதீங்கன்னுல்லா சொல்லிட்டுப் போயிருக்கா. பெத்தவளுக்குத் தெரியாதா?”

“பதட்டத்துல சொல்லியிருப்பா. நம்ம வாசல்ல ஒரு உசுரு பசியோட கெடக்கவா?”

“உங்க கஞ்சிக்கு ஊரே பயந்து கெடக்கு. இந்தப் பச்சப்புள்ள என்ன பாடு படப்போகுதோ.”

அவன் கேட்கவில்லை. கூடையைத் தூக்கினான். குஞ்சு தலையைத் திருப்பிக்கொண்டு, நல்ல சிறகை அலகுக்குக் குறுக்கே நீட்டியது. இலைக்குக் குறுக்கே நீண்ட கைகளை அவன் எத்தனை பார்த்திருக்கிறான்! சுண்டுவிரலால் மெதுவாக ஒதுக்கினான். அலகைப் பிளந்து ஊற்றினான்.

“இன்னும் ஒரு வாய்டா ராசா. இதுதான் கடைசி வாய்.”

குஞ்சு அடங்கியது.

“பாத்தியாட்டி? வயிறு நெறஞ்சதும் எப்படித் தூங்குதான் பாரு.”

கூடையைக் கவிழ்த்துவிட்டுப் பக்கத்திலேயே காவலுக்கு உட்கார்ந்தான். ஆவுடை அடுப்படியை விட்டு வரவில்லை.

பொழுது சாய்கிற நேரத்துக்குத் தாய், நாரைக்கிழவரோடு வந்து இறங்கியது. கிழவர் கூடையை அலகால் நெம்பித் தள்ளினார். குஞ்சின் நெஞ்சில் காதை வைத்தார். வைத்தபடியே வெகுநேரம் இருந்தார்.

“செறகுன்னா நான் கட்டிருவேன். கஞ்சி மூச்சுக்குழல்ல போயிருக்கு. நின்ன மூச்ச எத வச்சுக் கட்ட?”

தாய் தன் அலகைக் குஞ்சின் தொண்டைக்குள் விட்டுக் கஞ்சியை இழுத்தது. உதறியது. மறுபடி விட்டது. மறுபடி உதறியது. வழவழத்த அலகு நெடுகக் கஞ்சி சொட்டுச் சொட்டாகத் தெறித்து ஒட்டியது. “போதும் தாயி” என்றார் கிழவர்.

“பசியோட கெடக்கக் கூடாதேன்னுதான்…” என்று இழுத்தான் வெயிலுகந்தான்.

“உங்கமேல கோவமில்லண்ணே” என்றது தாய். “உங்களக் கூப்பிட்டது என் தொண்டதான?”

அது கொத்தியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். ஆவுடை அலகைக் கழுவிவிடச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அது முகத்தைத் திருப்பிக்கொண்டு மரத்துக்குப் பறந்துவிட்டது. கஞ்சி காய்ந்தது. அன்று சாயங்காலம் அக்கரையில் ஒரு புளியம்பழமும் உதிரவில்லை.

பிறகும் வெயிலுகந்தான் சோறு போட்டான். ஆனால் யாராவது இலைக்குக் குறுக்கே கை நீட்டினால், கரண்டியை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வெளியே போய்விடுவான்.

அன்று முதல்தான் கூழைக்கடாவின் அலகில் கழுவினாலும் போகாத அந்தப் புள்ளிகள். விவரம் தெரியாத குஞ்சுகள் மட்டும் கூட்டுக்குள் கத்திக்கொண்டு கிடக்க, அதிலொன்று தவறிக் கீழே விழுந்தாலும், தாய் மரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருக்குமே தவிர, யாரையும் கூப்பிடுவதில்லை.