மூக்கன் பாறையைச் சுற்றிய யானை

பாறைநாட்டில் பாறைக்குக் குறைவே கிடையாது, நெல்லுக்குத்தான் குறைவு. அதை ஆண்ட அதிராயருக்குத் தன் முன்னோர்மேல் கொள்ளைப் பிரியம். அவர்களில் ஒருவரோடும் பழக வாய்க்கவில்லை, ஆகவே பிரியம் குறைய வழியில்லாமல் போயிற்று.

ஒருநாள் வேட்டைக்குப் போனவர், மேற்கெல்லைக் குன்றின் உச்சிப் பாறையைப் பார்த்துக் குதிரையை நிறுத்தினார். நெற்றி, மூக்கு, உதடு, தாடை, எல்லாம் இருந்தன.

"இது யார் முகம்?" என்றார்.

கூட வந்த அமைச்சர் நம்பிராயர் பாறையைக் கொஞ்சமும் மன்னரைக் கொஞ்சமும் பார்த்தார். "தங்கள் முப்பாட்டனார், அரசே. அந்தக் காலத்துச் சிற்பிகள் செதுக்கியது. அதே மூக்கு."

முப்பாட்டனாரை இருவருமே பார்த்ததில்லை. அதனால் அடையாளம் காண்பதில் சிரமம் ஏற்படவில்லை.

"யார் முகம் இருக்கிறதோ அவர் வம்சத்துக்கே குன்று சொந்தம்" என்றும் அமைச்சர் சேர்த்துக்கொண்டார். அரண்மனை திரும்புவதற்குள் எல்லாம் முடிவாகிவிட்டது. குன்றும் அதைச் சுற்றிய மேய்ச்சல் நிலமும் முப்பாட்டனாருக்குக் கட்டப்போகும் கோயிலுக்கு. அடிவாரத்தில் குடியிருக்கும் நாற்பது வீட்டு இடையர்கள் அமாவாசைக்குள் காலி செய்ய வேண்டும்.

ஆணையை எழுத வேண்டியவன் சேந்தன். அரசரின் ஓலைகளை எழுதுகிறவன் அவன்தான். நாற்பது அடுப்பை ஒரே வரியில் அணைக்கிற வேலை அவனுக்குப் பிடிக்கவில்லை. எழுத்தாணியை எடுத்தான், வைத்தான், மறுபடி எடுத்தான்.

அதற்குள் செய்தி கேட்டு அடிவாரத்திலிருந்து வெள்ளச்சி என்பவள் வந்துவிட்டாள்.

"சாமி, இருநூறு ஆட்ட ஓட்டிக்கிட்டு நாங்க எங்க போறது?"

"அது மன்னருடைய முப்பாட்டனார் முகமாம், தாயே."

"எங்களுக்கு அது மூக்கன் பாறைங்க. பொறந்ததுலேர்ந்து அதச் சுத்தித்தான் மேய்க்கிறேன். நீங்களும் ஒரு தடவ சுத்தி வந்து பாத்துட்டு எழுதுங்க."

சேந்தன் போய்ச் சுற்றிப் பார்த்தான். பார்த்ததை ஒருவரிடமும் சொல்லவில்லை. மறுநாள் சபைக்கு வந்தான்.

"அரசே, ஒரு சந்தேகம். தங்கள் முப்பாட்டனார் ஊர்க் கோயிலுக்கு ஒரே ஒரு விளக்கு கொடுத்தார். அதற்குப் பதினெட்டு வரியில் கல்வெட்டு வைத்தார். எண்ணெய்க்குத் தனி வரி, திரிக்குத் தனி வரி. பனைமர உயரத்துக்குத் தன் முகத்தைச் செதுக்க வைத்தவர், பக்கத்தில் ஒரு வரிகூட வெட்டாமல் இருந்திருப்பாரா?"

மன்னர் அமைச்சரைப் பார்த்தார்.

"அடக்கம், அரசே" என்றார் அமைச்சர்.

"விளக்குக்கு அப்புறம் வந்த அடக்கமா?" என்றான் சேந்தன்.

"வயதானால் வரும்."

மன்னர் தலையாட்டிவிட்டார். பேசிப் பயனில்லை என்று சேந்தனுக்குப் புரிந்தது.

"அப்படியே எழுதுகிறேன். ஆனால் நிலம் கொடுப்பதென்றால் பெண் யானையை எல்லையைச் சுற்றி நடத்த வேண்டுமே. யானை நடக்காத நிலத்துக்கு எழுதின ஓலை செல்லாது."

வழக்கம் வழக்கம்தான். முப்பாட்டனார் காரியம் என்பதால் மன்னர் தானே யானைமேல் ஏறிக்கொண்டார். அமைச்சர் குதிரையில் வந்தார். சேந்தன் ஓலையோடு நடந்தான்.

கிழக்கே முப்பாட்டனார் கம்பீரமாக இருந்தார். தெற்கே திரும்பியதும் கன்னம் ஒட்டிப்போயிற்று.

"இளைத்துவிட்டாரே" என்றார் மன்னர்.

"ஆட்சிப் பொறுப்பு, அரசே" என்றார் அமைச்சர்.

இன்னும் கொஞ்ச தூரம் போனதும் முகவாய் நீண்டு, காது தொங்கி, கொம்பு போல ஏதோ முளைத்தது.

"இது?"

அமைச்சர் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார். "முப்பாட்டனார் வளர்த்த கடா."

யானை மேற்கே திரும்பியது. திரும்பினதும் மன்னர் "நிறுத்து" என்றார்.

பாறையில் உப்பின கன்னமும், தொங்கின கீழுதடும், யாரோ சாப்பாட்டில் உப்பு போட மறந்துவிட்டது போன்ற கோபமும் தெரிந்தன. அந்த முகத்தை மன்னருக்கு நன்றாகத் தெரியும். கல்யாணத்தன்று முழுநாளும் அவர் எதிரில் உட்கார்ந்திருந்த முகம் அது. பக்கத்து நாட்டை ஆளும் மாமனார் கோளரியார். இந்தக் குன்று தனக்குத்தான் சொந்தம் என்று பத்து வருஷமாக ஓலை அனுப்பிக்கொண்டிருக்கிறார். நல்லவேளை, இந்தப் பக்கம் நேரில் வந்து பார்த்ததில்லை.

சேந்தன் எழுத்தாணியை எடுத்தான். "'யார் முகம் இருக்கிறதோ அவர் வம்சத்துக்கே குன்று சொந்தம்' என்று அமைச்சர் சொன்னபடியே எழுதிவிட்டேன், அரசே. பெயருக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன். எந்தப் பெயரை எழுத?"

மன்னர் பாறையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நம்பிராயரே, இதை யார் செதுக்கியது?"

அமைச்சர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒருவரும் செதுக்கவில்லை, அரசே. மழையும் காற்றும்தான். பாறை தானாகத் தேய்ந்து இப்படி ஆகியிருக்கிறது."

"நிச்சயமாகவா?"

"சத்தியமாக."

"அப்போது கிழக்குப் பக்கம்?"

அமைச்சர் குதிரையின் பிடரியைக் கோதத் தொடங்கினார்.

"கிழக்கிலும் அதே மழைதான் பெய்திருக்கும், அரசே" என்றான் சேந்தன்.

மன்னருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. அவர் குலுங்கின குலுங்கலில் யானையே திரும்பிப் பார்த்தது. சிரித்து முடித்ததும் தன் தோளில் இருந்த பட்டுத் துண்டைச் சேந்தன்மேல் போட்டார். அவன் கையிலிருந்த ஓலையை வாங்கி இரண்டாக ஒடித்தார்.

"இடையர்கள் அங்கேயே இருக்கட்டும்" என்றார். "என் மாமனார் எப்போதாவது ஊர் பார்க்க வந்தால், அவரைக் கிழக்குப் பக்கமாகவே கூட்டிக்கொண்டு போகச் சொல்."