சபையில் ஒலித்த சேகண்டி

மேகலூர் ராஜா நல்லவர்தான். பயம்தான் கொஞ்சம் கூடுதல். மலைக்காட்டில் யாரோ பன்றி விரட்டச் சுட்ட சத்தத்தில் பல்லக்கிலிருந்து உருண்டு விழுந்தார். எழுந்த கையோடு உத்தரவு போட்டார்: குடிமக்கள் ஒருவரும் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. அத்தனையும் கோட்டைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டன. பன்றிக்கு உத்தரவு தெரியுமா? அது பாட்டுக்குத் தினையைத் தின்றது.

பிரதானி சொக்கப்பர் சும்மா இருப்பாரா? "பேச்சிலும் ஆயுதம் வேண்டாம் பிரபு. காதில் விழுந்தால்தானே ஆசை வரும்!" என்று சபையில் ஒரு வெண்கலச் சேகண்டியைத் தொங்கவிட்டார். வாள், வேல், துப்பாக்கி என்று யார் வாயெடுத்தாலும் சேவகன் ஓங்கி ஓர் அடி. வார்த்தை அதில் அமுங்கிப்போகும்.

தினை விதைத்த காளக்கா முறையிட வந்தாள்.

"சாமி, பன்றித் தொல்லை தாங்கல. எங்க டங்! குடுத்தாத்தான் வெள்ளாமை மிஞ்சும்!"

"எதைக் கேட்கிறாள்?" என்றார் ராஜா.

"புடவையாக இருக்கும் பிரபு," என்றார் சொக்கப்பர்.

"கொடுங்கள்!"

"இதைக் கட்டிக்கிட்டுப் பன்றி முன்னாடி ஆடவா?" என்று கத்தினாள். வெளியே தள்ளிவிட்டார்கள்.

எட்டியப்பன் பார்த்துக்கொண்டிருந்தான். சந்தையில் மாட்டுத் தரகு பேசியே அரண்மனைக்குள் ஏறிவந்த ஆள். மறுநாள் பக்கத்து நாட்டுத் தூதர் வருகிற நேரம். கட்டியக்காரனிடம் போனான். "அண்ணே, ராஜாவோட பட்டங்களை இன்னைக்கு ஒண்ணு விடாமச் சொல்லணும்."

கட்டியக்காரன் தொண்டையைச் செருமினான்.

"டங்! ஏந்திய தீரர்! டங்! வீசிய வீரர்! டங்! டங்! டங்!"

நிறுத்தாமல் சேகண்டி அடித்தால் நம் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம்? கோட்டை வாசலில் நின்ற தூதர் அரண்மனையில் சாவு என்றே முடிவு கட்டினார். தலைப்பாகையைக் கழற்றினார். ஆளை ஓடவிட்டு ஒரு ரோஜா மாலை வாங்கிவரச் சொன்னார். கண்ணைத் துடைத்தபடி உள்ளே வந்து, எட்டியப்பன் காதோரம், "எத்தனை மணிக்கு எடுக்கிறீங்க?" என்றார்.

"யாரை எடுப்பது?" சிம்மாசனத்திலிருந்து ராஜா கர்ஜித்தார்.

தூதர் கையிலிருந்த மாலை நழுவிக் கீழே விழுந்தது.

ராஜா முகம் சிவந்து, சேவகனின் கோலைக் கீழே போடச் சொன்னார். "இனி என் பட்டங்களுக்கு மட்டும் சேகண்டி கிடையாது!"

"மட்டும் என்ற பேச்சே வேண்டாம் பிரபு," என்றான் எட்டியப்பன். "வார்த்தை எல்லாருக்கும். கூடவே துப்பாக்கியும்."

"வார்த்தையைத் தருகிறேன். துப்பாக்கி முடியாது."

"அப்படியானால் சேகண்டி தொங்கட்டும். நாளைக்கு இன்னொரு தூதர் வருகிறார்."

ராஜா பல்லைக் கடித்தார். "யாராவது என்னைச் சுட்டுவிட்டால்?"

"கோபக்காரன் முதலில் திட்டுவான் பிரபு. திட்டவிட்டால் பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிடும். மீதிக்கு நீங்கள் வழி செய்யலாம். வாயை அடைத்து வைத்தவனைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும்."

"என்னை யாரய்யா திட்டப்போகிறார்கள்?"

"வாசலில் காளக்கா நிற்கிறாள். நேற்று உங்கள் பாட்டனாருக்குப் பாட்டனாரிடம் ஆரம்பித்தாள். இப்போதுதான் உங்கள் அப்பாவை முடித்திருக்கிறாள்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தபடி சிம்மாசனத்திலிருந்து குதித்தார். "கோட்டைச் சாவி எங்கேய்யா? ஓடுங்கள், அடுத்தது நான்!"